கூட்டிணைவுத் தளங்களும் மொழிச் சமூகமும்: நிறுவன ஊடகங்களிலிருந்து இடம்பெயர்தல் குறித்து ஒரு மொழியியல் நோக்கு

0. முன்னுரை

ஒரு மொழியின் எழுத்து வழக்கை ஆராய்வோர் அச்சு நூல்களையும் இதழ்களையும் மட்டுமே சான்றாகக் கொண்ட காலம் கடந்துவிட்டது. தமிழர் அன்றாடம் எழுதுவதன் பெரும்பகுதி இன்று கணினித் திரையிலும் கைப்பேசியிலும் நிகழ்கிறது. பேச்சு வழக்கு எழுத்துருப் பெறுதல், குறிமாற்றம், புதுச் சொல்லாக்கம், வட்டார வழக்குகளின் ஊடாட்டம் ஆகியவற்றை ஆராய்வதற்கு இவ்வெழுத்தினும் வளமான தரவு வேறில்லை. ஆயின் இவ்வெழுத்து எங்குச் சேமிக்கப்படுகிறது, யாருடைய கட்டுப்பாட்டில் உள்ளது, எவ்வளவு காலம் நிலைத்திருக்கும் என்னும் வினாக்களை மொழியியலார் அரிதாகவே எழுப்பியுள்ளனர்.

2019 முதல், குறிப்பாக 2022க்குப் பின், பெருநிறுவனங்கள் நடத்தும் சமூக ஊடகங்களிலிருந்து பயனர்கள் தாமே நடத்தும் உரையாடல் தளங்களுக்கு ஒரு பகுதியினர் இடம்பெயர்ந்துள்ளனர். இவ்விடப்பெயர்வைத் தொழில்நுட்ப மாற்றமாகவோ அரசியல் எதிர்ப்பாகவோ காண்பதே பெருவழக்கு. அது மொழித்திட்டம், கலைச்சொல்லாக்கம், உரைத்தொகுப்பு ஆகிய மூன்று துறைகளோடும் நேரடித் தொடர்புடையது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பதிவுகளின் நிலையாமை

இந்தியாவில் பெருவழக்குப் பெற்றிருந்த ஆர்க்குட் 2014 செப்டம்பர் 30ஆம் நாள் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் தனிப்பயனர்களுக்கு 2019 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. இந்திய மொழிகளுக்கென்றே 2020இல் தொடங்கப்பெற்றுத் தமிழுக்கும் இடமளித்த கூ என்னும் தளம் தன் பணியை முடித்துக்கொள்வதாக 2024 ஜூலையில் அறிவித்தது.

தமிழைப் பொறுத்தவரை யாகூ குழுமங்களின் முடிவு தனித்துக் கருதத்தக்கது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் மரத்தடி, அகத்தியர், ராயர் காபி கிளப் முதலிய பெயர்களில் தமிழ் மடற்குழுக்கள் அங்கே இயங்கின. ஒருங்குறி பரவலாகாத காலத்தில், திஸ்கி முதலிய குறியேற்றங்களில் எழுதி, இலக்கியமும் இலக்கணமும் விவாதித்த குழுக்கள் அவை. கணினித்தமிழின் தொடக்க நிலையை ஆராய விரும்புவோர்க்கு அம்மடல்கள் முதன்மைச் சான்றுகளாகும். யாகூ நிறுவனம் குழுமங்களில் சேர்ந்திருந்த பதிவுகளை நீக்கப்போவதாக 2019 அக்டோபரில் அறிவித்தது. 2020 டிசம்பரில் அச்சேவை முற்றிலும் நின்றது. தனியே படியெடுத்து வைக்கப்படாத மடல்கள் அத்துடன் மறைந்தன.

ஓலைச்சுவடிகளைச் செல்லும் தீயும் அழித்ததைப் பற்றி வருந்தி எழுதுகிறோம். மேற்கூறிய இழப்பு எவ்வித இயற்கைச் சீற்றத்தாலும் நேர்ந்ததன்று. உடைமையாளரின் வணிக முடிவால் நேர்ந்தது. சுவடிகள் பல ஊர்களில் பல படிகளாகச் சிதறிக் கிடந்தமையாலேயே அவற்றுள் சில எஞ்சின. ஒரே நிறுவனத்தின் சேமிப்பில் குவிந்த பதிவுக்கு அத்தகைய காப்பு இல்லை.

2. கூட்டிணைவு: அமைப்பு விளக்கம்

நிறுவனத் தளத்தில் எல்லாப் பயனர்களும் ஒரே நிறுவனத்தின் கணினித் தொகுதியில் கணக்கு வைத்திருப்பர். ஒருவர் வெளியேறினால் பிறரோடு கொண்ட தொடர்பு முழுவதும் அறுந்துபோகும். கூட்டிணைவு முறையில் இவ்வாறன்று. பல்கலைக்கழகத் துறையொன்றோ ஒரு நண்பர் குழுவோ தன் பொறுப்பில் ஒரு வழங்கியை நிறுவலாம். ஒவ்வொரு வழங்கிக்கும் தனிவிதிகள் உண்டு; எனினும் ஒரு வழங்கியின் பயனர் மற்றொரு வழங்கியின் பயனருடைய எழுத்தைப் படிக்கவும் அதற்கு மறுமொழி எழுதவும் இயலும்.

இதற்கு மின்னஞ்சலே எளிய ஒப்புமை. அனுப்புவோரும் பெறுவோரும் வெவ்வேறு நிறுவனங்களின் மின்னஞ்சலைப் பயன்படுத்தினும் மடல் போய்ச் சேர்கிறது. இரு சாராரும் ஒரே நெறிமுறையைப் பின்பற்றுவதே அதற்குக் காரணம். கூட்டிணைவுத் தளங்களுக்குரிய நெறிமுறை ஆக்டிவிட்டிபப் எனப்படும். உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2018 ஜனவரியில் இதனைத் தரநிலையாகப் பரிந்துரைத்தது. குறும்பதிவுகளுக்குரிய மாஸ்டடான், தலைப்புவாரி விவாதங்களுக்குரிய லெம்மி ஆகியன இந்நெறிமுறையில் இயங்குவன.

இக்கருத்து புதியதன்று. 1979இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் கருக்கொண்டு, 1980இல் பரவத் தொடங்கிய யூஸ்நெட், தனியொரு நடுவம் இன்றிப் பல கணினிகள் செய்திகளைத் தமக்குள் கைமாற்றிக்கொள்ளும் அமைப்பாகவே இருந்தது. தமிழ்ப் பண்பாடு பற்றி விவாதிக்கும் செய்திக்குழு ஒன்றும் அதில் இருந்தது. ஆகவே இன்றைய இடப்பெயர்வை ஒருவகையில் பழைய அமைப்புக்குத் திரும்புதல் எனலாம்.

இடப்பெயர்வுக்கு உடனடித் தூண்டல்கள் மூன்றைச் சுட்டலாம். உச்சநீதிமன்ற மூத்த வழக்கறிஞர் ஒருவரின் கணக்கை ட்விட்டர் முடக்கியதை எதிர்த்து 2019 நவம்பரில் இந்தியப் பயனர் பலர் மாஸ்டடானில் கணக்குத் தொடங்கினர். அந்த அலை நீடிக்கவில்லை. 2022 அக்டோபரில் ட்விட்டர் கைம்மாறியபின் உலகளவில் பெரியதோர் அலை எழுந்தது. 2023இல் ரெட்டிட் நிறுவனம் தன் தரவு இடைமுகத்திற்குக் கட்டணம் விதித்ததும், ஆயிரக்கணக்கான விவாதக் குழுக்கள் ஜூன் மாதம் தம் பக்கங்களை மூடிவைத்து எதிர்ப்புத் தெரிவித்தன. அப்போதுதான் லெம்மி பலரால் அறியப்பட்டது.

3. கலைச்சொல் தேர்வு

இவ்வமைப்பைத் தமிழில் எச்சொல்லால் சுட்டுவது? மொழிபெயர்ப்பாளர் முன் மூன்று சொற்கள் உள்ளன.

(1) கூட்டாட்சி: அரசியல் நூல்களில் நிலைபெற்ற சொல். ஆயின் இதில் ஆட்சி என்னும் கூறு உள்ளது. கூட்டாட்சியில் உறுப்பு மாநிலங்களோடு நடுவணரசும் உண்டு. இங்கே வழங்கிகளுக்கு மேல் எந்த நடுவமும் இல்லை. எனவே இச்சொல் பிழையான கருத்தைத் தருகிறது.

(2) கூட்டமைப்பு: வணிகர் கூட்டமைப்பு, ஊழியர் கூட்டமைப்பு என வழங்கும் இச்சொல், தலைவரும் செயலரும் உடைய ஒரு நிறுவனத்தைச் சுட்டுகிறது. உறவை அன்றி அமைப்பையே இது முன்னிறுத்துகிறது.

(3) கூட்டிணைப்பு, கூட்டிணைவு: இவ்விரண்டனுள் எது ஏற்றது என்பதைத் தமிழ் வினையமைப்பே காட்டுகிறது. குறைந்தது, குறைவு, குறைத்தது, குறைப்பு. அழிந்தது, அழிவு, அழித்தது, அழிப்பு. அவ்வாறே இணைந்தது, இணைவு, இணைத்தது, இணைப்பு. தன்வினையடியாகப் பிறந்த பெயர் தானே நிகழ்வதையும், பிறவினையடியாகப் பிறந்த பெயர் மற்றொருவரால் நிகழ்த்தப்படுவதையும் உணர்த்துகின்றன. வழங்கிகள் பிறரால் இணைக்கப்படுவன அல்ல. தம் விருப்பால் இணைவன. ஆதலின் கூட்டிணைவு என்பதே பொருத்தமுடையது. ஒரு வழங்கி மற்றொன்றோடு கொண்ட தொடர்பைத் தானே முறித்துக்கொள்வதை இணைவறுத்தல் எனலாம்.

விவாதத்தை நெறிப்படுத்துபவரைக் குறிக்கப் புதுச்சொல் வேண்டுவதில்லை. மட்டுறுத்துநர் என்னும் சொல் தமிழ் இணையக் குழுக்களில் முன்னரே வழங்கியது. இழை, பின்னூட்டம், மடல் ஆகியனவும் அத்தகையன. பின்னூட்டம் என்று எழுதிப் பழகிய இடத்தில் நிறுவனத் தளங்களின் தமிழ் இடைமுகம் கருத்து என்று எழுதியது. இளைய தலைமுறையினர்க்கு அதுவே பழகிப்போயிற்று. ஒரு சமூகம் தன் தேவைக்கு ஆக்கிக்கொண்ட சொல் நிறுவனத்தின் தேர்வுக்கு வழிவிட்டதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

4. கீச்சும் பிளிறலும்

சொல்லின் உடைமை யாருடையது என்னும் வினாவை ஓர் இணை எடுத்துக்காட்டு தெளிவாக்கும். ட்விட்டரில் எழுதப்பட்ட குறும்பதிவைத் தமிழர் பலர் கீச்சு என்றனர். எழுதுவோரைக் கீச்சர் என்றனர். நிறுவனத்தின் பறவைச் சின்னமும் ஆங்கிலச் சொல்லின் பொருளும் ஒருங்கே விளங்க அமைந்த காரணப்பெயர் அது. 2023 ஜூலையில் உடைமையாளர் தளத்தின் பெயரை எக்ஸ் என மாற்றிப் பறவையையும் நீக்கினார். கீச்சு ஒரே நாளில் காரணம் இழந்த பெயராயிற்று. அதனை ஆக்கியோரும் வழங்கியோரும் அம்முடிவில் எப்பங்கும் பெற்றிலர்.

மாஸ்டடான் என்பது அழிந்துபட்ட யானையினம் ஒன்றின் பெயர். அதில் பதிவு செய்வதற்குத் தொடக்கத்தில் யானையின் முழக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் வழங்கியது. தமிழில் அதற்குப் பிளிறல் என்னும் சொல் ஆயத்தமாகவே உள்ளது. மாஸ்டடானை உருவாக்குவோரும் 2022 நவம்பரில் வெளியிட்ட 4.0 பதிப்பில் அச்சொல்லைக் கைவிட்டு, வெளியிடு என்னும் பொதுச்சொல்லை வைத்தனர்.

இரு நிகழ்வுகளும் ஒன்றே போலத் தோன்றும். ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. மாஸ்டடானின் மூலநிரல் திறந்த உரிமத்தின்கீழ் வெளியிடப்படுவது. தமிழ் வழங்கி ஒன்றை நடத்துவோர் பிளிறலே வேண்டுமெனக் கருதினால் தம் வழங்கியின் மொழிக்கோப்பில் அச்சொல்லை இட்டுக்கொள்ளலாம். எவரிடமும் இசைவு பெற வேண்டுவதில்லை. ஹௌகன் 1966இல் மொழித் தரப்படுத்தத்தை விளக்குகையில் தேர்வு, நெறிப்படுத்தம், செயலாக்கம், விரிவாக்கம் என நான்கு கூறுகளைக் குறிப்பிட்டார். நிறுவனத் தளத்தில் தேர்வும் செயலாக்கமும் நிறுவனத்தின் கையில் உள்ளன. கூட்டிணைவுத் தளத்தில் அவை பயனர் சமூகத்தின் கைக்கு வருகின்றன. சமூகம் அவ்வுரிமையைப் பயன்படுத்துமா என்பது வேறு வினா.

தன்னார்வ மொழிபெயர்ப்பு இருவகைத் தளங்களிலும் உண்டு என்பதை ஈண்டுக் குறிப்பிட வேண்டும். பேஸ்புக் நிறுவனம் 2008 முதல் பயனர்களைக் கொண்டே தன் இடைமுகத்தை மொழிபெயர்த்தது. மாஸ்டடான், லெம்மி ஆகியவற்றின் இடைமுகங்களும் தன்னார்வலராலேயே மொழிபெயர்க்கப்படுகின்றன. உழைப்பு ஒன்றே, உழைப்பின் பயன் சென்று சேருமிடம் வேறு. முன்னதில் அது நிறுவனத்தின் சொத்தாகிறது. பின்னதில் எவரும் எடுத்தாளத்தக்க பொதுவுடைமையாகிறது.

5. எழுத்தும் பெயரும் மொழிக்குறியும்

தளத்தின் அமைப்பு மொழியின் நுண்கூறுகளையும் தொடுகிறது. மூன்று கூறுகளைக் காண்போம்.

5.1. எழுத்தெண்ணிக்கை. தமிழ் என்னும் சொல்லில் மூன்று எழுத்துகள் உள்ளன என்பது நம் இலக்கண மரபு. ஒருங்குறியில் அச்சொல் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறியிடங்களால் ஆனது. ட்விட்டர் குறியிடங்களை எண்ணும் முறையை மேற்கொண்டமையால், 2017 நவம்பரில் ஏற்பட்ட 280 என்னும் வரம்பில் இச்சொல்லுக்கு ஐந்து இடம் செலவாயிற்று. மாஸ்டடானின் மூலநிரல் எழுத்துக்கொத்துகளை எண்ணுகிறது. அதன் 500 என்னும் பொது வரம்பில் இச்சொல்லுக்கு மூன்று இடமே செலவாகும். உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொள்ளும் நம் மரபோடு இம்முறை ஒத்துச் செல்கிறது. கணக்கீட்டு முறை என்பது மொழிக்குப் பொதுவானதோர் இயல்பன்று. யாரோ ஒருவர் எடுத்த முடிவே என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது.

5.2. பயனர் பெயர். இதில் கூட்டிணைவுத் தளங்களும் குறையுடையனவே. மாஸ்டடானில் கணக்கின் அடையாளப் பெயரை உரோமன் எழுத்துகள், எண்கள், அடிக்கோடு ஆகியவற்றால் மட்டுமே அமைக்க முடியும். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் ஆகிய நாடுகளுக்குத் தமிழெழுத்தாலான உயர்நிலை இணையப் பெயர்கள் உள்ளன. வழங்கியின் முகவரி தமிழில் இருக்கலாம். அதில் வாழ்பவரின் பெயர் தமிழில் இருக்கலாகாது என்பது முரண்பாடாகும். காட்சிப்பெயரைத் தமிழில் இடலாம் என்பது பகுதித் தீர்வே.

5.3. மொழிக்குறி. ஆக்டிவிட்டிபப் நெறிமுறையில் ஒவ்வொரு பதிவோடும் அது எம்மொழியில் எழுதப்பட்டது என்னும் குறிப்பைச் சேர்க்க இடமுண்டு. நிறுவனத் தளங்களில் இதனை நிரல் தானே கணிப்பதே பெருவழக்கு. உரோமன் எழுத்தில் எழுதப்பட்ட தமிழையும் தமிழாங்கிலக் கலப்பையும் இத்தகைய நிரல்கள் பிறழக் கணிப்பது ஆய்வாளர் நன்கறிந்ததே. மாஸ்டடானும் முன்பு கணிப்பு நிரலைச் சார்ந்திருந்தது. 2022இல் வெளியான 3.5 பதிப்பில் அதனை நீக்கி, எழுதுவோரே மொழியைத் தேர்ந்தெடுக்கும் முறையை ஏற்றது. லெம்மியிலும் பதிவுக்கு மொழி சுட்டலாம். மொழி உறுதிசெய்யப்படாதது என விடவும் செய்யலாம்.

மொழியியல் நோக்கில் இம்மாற்றம் பெருமதிப்புடையது. 'நாளைக்கு மீட்டிங் போஸ்ட்போன் ஆயிடுச்சு' என்று எழுதுபவர் தாம் எழுதியது தமிழே எனக் குறிக்கிறார் எனின், அது தம் மொழி பற்றிய பேசுநரின் தன்மதிப்பீடு. கணிப்பு நிரலால் தர முடியாத சான்று இது. எனினும் தேர்வுப்பட்டியலில் ஒரு பதிவுக்கு ஒரு மொழியே இடம்பெறும். குறிமாற்றத்தைச் சுட்ட வழியில்லை. உரோமன் எழுத்துத் தமிழைப் பிரித்துக் காட்டும் குறிமுறை மொழிக்குறித் தரநிலையில் இருந்தும், தேர்வுப்பட்டியல் அதற்கு இடம் தரவில்லை. இதனைத் திருத்தப் பரிந்துரைக்க வேண்டியோர் மொழியியலாரே.

6. உரைத்தொகுப்பும் ஆய்வு நெறியும்

தமிழ்க் குறிமாற்றம் பற்றிய கணிப்பாய்வுகளுக்கு நிறுவனத் தளங்களே தரவூற்றாக இருந்துள்ளன. 2020இல் வெளியான தமிழாங்கிலக் கலப்புத் தொகுப்பு ஒன்று யூடியூப் பின்னூட்டங்கள் 15,744இனைக் கொண்டது. ட்விட்டர் தரவு இடைமுகத்தைக் கொண்டும் பல ஆய்வுகள் நிகழ்ந்தன. 2023 தொடக்கத்தில் அந்நிறுவனம் தன் கட்டணமில்லா இடைமுகத்தை நிறுத்துவதாக அறிவித்தது. தொடர்ந்து நிகழ்ந்த ஆய்வுகள் இடையில் நின்றன. முன்னைய முடிவுகளை மீளச் சரிபார்க்கும் வாய்ப்பும் குறைந்தது. மீளச் சரிபார்க்க இயலாத முடிவை அறிவியல் முடிவு என எவ்வாறு கொள்வது?

கூட்டிணைவுத் தளங்களில் தரவு திறந்திருக்கிறது. எனவே இச்சிக்கல் தீர்ந்தது எனச் சிலர் கருதலாம். அவ்வாறு கருதுவது தவறு. மாஸ்டடான் பதிவுகளைத் தொகுத்து 2019இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றின் தரவுத்தொகுப்பு, பயனர்களின் கூட்டு எதிர்ப்புக்குப் பின் பொதுப்பார்வையிலிருந்து விலக்கப்பட்டது. படிக்க முடிவது வேறு. எடுத்தாளும் இசைவு வேறு. வழங்கிகளுட் சில தரவுத் திரட்டலைத் தம் விதிகளில் வெளிப்படையாகவே தடுக்கின்றன.

களப்பணிக்குச் செல்லும் மொழியியலார் ஊர்ப் பெரியவரைக் கண்டு, வந்த நோக்கத்தைக் கூறி, பேசுநரின் இசைவு பெற்ற பின்பே பதிவுக் கருவியை இயக்குகின்றனர். நிறுவனத் தளங்களில் இம்மரபை நாம் மறந்தோம். கேட்பதற்கு அங்கே ஆளில்லை என்பது ஒரு சாக்காயிற்று. கூட்டிணைவுத் தளத்தில் கேட்பதற்கு ஆளுண்டு. வழங்கியின் மட்டுறுத்துநர் ஊர்ப் பெரியவர் நிலையில் இருக்கிறார். அவரிடம் ஆய்வின் நோக்கத்தைக் கூறி, உறுப்பினர் கருத்தறிந்து, விலக விரும்புவோரை விலக்கித் தொகுப்பது காலம் மிகுதியும் வேண்டுவது. தொகுப்பும் சிறிதாகவே அமையும். ஆயின் யார், எந்த ஊரினர், எச்சூழலில் எழுதினர் என்னும் விவரங்களோடு அமைந்த சிறு தொகுப்பு, அவை அறியப்படாத பெருந்தொகுப்பினும் சமுதாய மொழியியலுக்குப் பயனுடையது.

7. இடர்கள்

கூட்டிணைவு குறையற்றது எனக் கூறுவது இக்கட்டுரையின் கருத்தன்று. தன்னார்வலரின் உழைப்பும் கைப்பொருளும் தீர்ந்தால் வழங்கி நின்றுவிடும். பெரிய மாஸ்டடான் வழங்கிகளுள் ஒன்றே 2023இல் அதனை நடத்தியவரின் முடிவால் மூடப்பட்டது. வழங்கி மாறும் மாஸ்டடான் பயனர் தம்மைப் பின்தொடர்வோரை உடன்கொண்டு செல்லலாம். எழுதிய பதிவுகளைப் புதிய இடத்துக்குக் கொண்டு செல்ல இயலாது, படியெடுத்து வைத்துக்கொள்ளலாம். இரு வழங்கிகளின் நிர்வாகிகளுக்குள் பிணக்கு நேர்ந்து இணைவறுத்தல் நிகழ்ந்தால், பிணக்கில் தொடர்பற்ற உறுப்பினரின் உரையாடலும் அறுபடும்.

மொழிச் சமூகத்தின் அளவும் கருதத்தக்கது. ஆங்கிலம் போன்ற மொழியினர் நூறு வழங்கிகளாகப் பிரிந்தாலும் ஒவ்வொன்றிலும் உரையாடல் நிகழும். சிறிய எண்ணிக்கையினர் சிதறினால் எங்கும் உரையாடல் நிகழாது. இறுதியில் ஆங்கில இழைகளிலேயே கலந்துபோவர். தமிழர் பலரும் இன்னும் நிறுவனத் தளங்களிலேயே எழுதுகின்றனர். சுற்றத்தார் இருக்குமிடத்தில் இருப்பதே மக்கள் இயல்பு. அதனைக் குறைகூறுவதால் பயனில்லை.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு. தளத்தின் உடைமை, மொழிப்பதிவின் நிலைபேற்றையும் கலைச்சொல்லின் வாழ்வையும் நேரடியாகப் பாதிக்கிறது. கூட்டிணைவு முறை, சொல்தேர்வு, எழுத்தெண்ணிக்கை, மொழிக்குறி ஆகியவற்றில் மொழிச் சமூகத்திற்கு முடிவெடுக்கும் உரிமையைத் தருகிறது. அவ்வுரிமை நிலைபெறப் பராமரிப்பும் பொறுப்பும் வேண்டும். தனிமனித ஆர்வம் மட்டும் போதாது.

இவ்விடத்தில் பல்கலைக்கழகத் துறைகளும் மொழி நிறுவனங்களும் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. நூலகம் நடத்துவதைத் தம் கடமையாகக் கொண்ட நிறுவனங்கள், தம் மாணவரும் மொழிபெயர்ப்பாளரும் விவாதிக்கும் வழங்கி ஒன்றை நடத்துவதையும் கடமையாகக் கொள்ளலாம். எல்லாரும் அங்கே வரவேண்டும் என்பதில்லை. இன்று ஒரு கலைச்சொல்லின் பொருத்தம் பற்றி நிகழும் விவாதத்தை முப்பதாண்டு கழித்து ஒருவர் தேடினால் அது கிடைக்க வேண்டும். தனியே படியெடுக்கப்படாத யாகூ மடல்களைத் தேடும் ஆய்வாளர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. அடுத்து வருவோர்க்கேனும் அது கிடைக்குமாறு செய்தல் நம் கடமையாகும்.